ஆர்லிஸின் இடது இறக்கை

ஆர்லிஸ் ட்வீட்டனின் கராஜில் மூன்று குளிர்காலமாக வண்டி எதுவும் நின்றதில்லை. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு விமானம் துண்டு துண்டாகப் படுத்திருந்தது. அதனால் அவள் கணவன் கேலன் தினமும் காலையில் வெளியே போய், தன் பிக்கப் கண்ணாடியில் உறைந்து கிடக்கும் பனியை ஒரு பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுவான். விஸ்கான்சின் ஜனவரியில் அது சின்ன வேலை இல்லை. ஒரு நாள்கூட அவன் குறை சொன்னதில்லை. ஆனால் தேவைக்கு மேல் சத்தமாகச் சுரண்டுவான். சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருக்கும் ஆர்லிஸின் காதில் விழ வேண்டும் என்றுதான் அப்படிச் சுரண்டினான். முப்பத்தைந்து வருடத்தில் அவர்களுடைய சண்டைகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் நடந்தன.

ஆர்லிஸுக்கு வயது ஐம்பத்தேழு. ஸ்டென் கிரீக் சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் முப்பத்தொரு வருடமாக வேலை. சீஸ் கட்டியின் மேல் உறையை இழுத்து மடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது; அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சுருக்கம் விழுந்த பொட்டலத்தைக் கண்டால் அவளுக்குப் பல் கூசும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் மோசமாகக் கட்டி வைத்திருந்தால், அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பிரித்து, மறுபடி தானே கட்டி வைத்துவிடுவாள். அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவர்களும் தாங்கள் கெட்டிக்காரிகள் என்று நம்பிக்கொண்டே ஓய்வு பெறுவார்கள்.

இந்தப் பெண்மணிக்கு விமானப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஊரில் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விஷயம் எளிது. ஐம்பத்தொரு வயதில் மாவட்டச் சந்தையில் ஒரு குலுக்கல் சீட்டு வாங்கினாள். முதல் பரிசு இறைச்சி வைக்கிற பெரிய ஃப்ரீசர். இரண்டாம் பரிசு கால் மணி நேர விமானச் சவாரி. அவளுக்கு வேண்டியிருந்தது ஃப்ரீசர்தான். விழுந்தது இரண்டாம் பரிசு. சரி, விடுவானேன் என்று ஏறி உட்கார்ந்தாள். மேலே போனதும் மக்காச்சோள வயல்கள், ஆறு, தேவாலயக் கோபுரம் எல்லாம் தெரிந்தன. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கால் மணி நேரம் முழுக்க யாரும் அவளிடம் "ஆர்லிஸ், என் சாக்ஸ் எங்கே", "அம்மா, கார் சாவி எங்கே", "ஆர்லிஸ், டேப் சுருள் எங்கே வைத்தாய்" என்று கேட்கவில்லை. இறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. அவளுக்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விமானி ஒரு மிட்டாய் கொடுத்தார்.

மூன்று வருடம் யோசித்து, ஒற்றை ஆள் உட்காரும் சின்ன விமானம் ஒன்றின் வரைபடங்களைத் தபாலில் வரவழைத்தாள். கேலன் நாற்பது வருடமாகப் பண்ணைக் கொட்டகைகள் கட்டுகிறவன். வரைபடத்தைச் சமையலறை மேசைமேல் விரித்து, முனைகளில் உப்பு ஜாடியும் வெண்ணெய்த் தட்டும் வைத்து, அரை மணி நேரம் பார்த்தான்.

"வித்தியாசமா இருக்கு," என்றான். வெளியே போய்விட்டான்.

எங்கள் ஊரில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தேவாலய விருந்தில் யாரோ செய்து கொண்டுவந்த பதார்த்தம் வாயில் வைக்க முடியாமல் இருந்தால், அது வித்தியாசமாக இருக்கும். மகன் கூட்டிவந்த பெண்ணைப் பிடிக்கவில்லையா, அவள் வித்தியாசமான பெண். புதுப் பாதிரியார் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்து தூங்கவைத்தாரா, வித்தியாசமான பிரசங்கம். நன்றாக இல்லை, தப்பு, கெட்டுப்போயிற்று என்று நேருக்கு நேர் சொல்வது இங்கே ஆளை அறைவதற்குச் சமம். எல்லோரும் மரியாதைக்காரர்கள். அந்த மரியாதையில் எத்தனை கூரை ஒழுகியது, எத்தனை பேர் பிடிக்காத பெயிண்டை வருடக்கணக்கில் சகித்துக்கொண்டார்கள் என்று கணக்கே இல்லை.

கேலன் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு ஆர்லிஸ் அவனிடம் விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனும் கராஜுக்குள் கால் வைக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வாசலில் நின்று கேட்பான். அவள் எடுத்துக் கொடுப்பாள்.

இந்த மாதிரிக் குட்டி விமானத்துக்குச் சட்டம் ஒன்றுதான் சொல்கிறது: காலியாக நிறுத்தினால் எடை இருநூற்று ஐம்பத்து நான்கு பவுண்டைத் தொடக் கூடாது. அதற்குக் கீழே இருந்தால் ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டாம், மருத்துவச் சான்று வேண்டாம், எந்த அதிகாரியும் வந்து சோதிக்க மாட்டார். விழுந்து செத்தால் அது உன் பாடு. அதனால் இதைக் கட்டுகிறவர்கள் துணி போர்த்துவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து விமானக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம். மரச்சட்டம் கண்ணுக்குத் தெரியும் கடைசி நாள் அது. அதற்குப் பிறகு எல்லாம் துணிக்குள். ஆர்லிஸும் மே மாதம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். ஒன்பது பேர் வந்தார்கள், காபி குடித்தார்கள், இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் விலாச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தார்கள், "மோசமில்லை" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அன்று ராத்திரி ஆர்லிஸுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பிறகு துணி. ஆகஸ்டில் கடைசி ஞாயிறு புல் ஓடுபாதையில் வருடாந்திர பான்கேக் காலை விருந்து; சுற்றுவட்டார விமானங்கள் எல்லாம் வந்து இறங்கும். அன்றைக்குப் பறந்து காட்டுவதாக அவள் ஆலையில் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். ஓட்டுவதற்கு இரண்டு கோடையாக ஒரு பயிற்சியாளரிடம் பாடமும் எடுத்திருந்தாள். அவளுடைய சிநேகிதி வெர்னா உதவிக்கு வந்தாள். வெர்னா தேவாலயத்தில் ஒட்டுப்போர்வை தைக்கிற கூட்டத்துக்குத் தலைவி, கையில் ஊசி இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சு வராது.

"இந்தத் துணி பார்க்க நம்ம டோரிஸோட கல்யாண டிரஸ் லைனிங் மாதிரியே இருக்கு," என்றாள் வெர்னா.

"அந்தக் கல்யாணம் ரெண்டு வருஷம்கூட நிக்கல. வாயை மூடிக்கிட்டுப் பசையைத் தடவு."

வேலை இப்படி: துணியை இறக்கையின் மேலும் கீழும் போர்த்தி ஓரத்தில் பசை வைத்து ஒட்ட வேண்டும். அப்போது அது தொளதொளவென்று, அவசரமாக விரித்த படுக்கை மாதிரி கிடக்கும். பிறகு சாதாரண இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சூட்டுக்குத் துணி சுருங்கி இறுகும். அதன் பிறகு ஒரு முழ நீள ஊசியில் மெழுகு நூல் கோத்து, மேலிருந்து ஒருத்தி குத்த, கீழிருந்து ஒருத்தி வாங்கித் திருப்பி அனுப்ப, விலாச் சட்டத்தோடு சேர்த்து வரிசையாகத் தையல். மேலே வெர்னா, கீழே தரையில் மல்லாந்து ஆர்லிஸ். இரண்டு பேரும் ஊசி வழியாக ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்த்தார்கள்.

இஸ்திரி போடும்போது நிறைய எச்சரிக்கை வேண்டும். துணி இறுகுவதற்கு முன் இறக்கை ஒரு தளர்ந்த சட்டம். எந்தப் பக்கம் முறுக்கினாலும் முறுகும். அது எந்த நிலையில் கிடக்கும்போது துணி இறுகுகிறதோ, அந்த நிலையிலேயே நின்றுவிடும். எங்கள் கராஜ்களில் உருகிய பனி வெளியே ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். ஆர்லிஸுக்கு அது தெரியும். வலது இறக்கையைத் தாங்கிகளில் வைத்தபோது ஒரு தாங்கியின் காலுக்கடியில் மரத்துண்டு முட்டுக்கொடுத்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் தேய்த்தாள். அந்த இறக்கை அற்புதமாக வந்தது.

இடது இறக்கைக்கு இடம் போதவில்லை. தாங்கிகளை நகர்த்திப் போட்டார்கள். மரத்துண்டு பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அன்று வெயில் அதிகம், வெர்னாவுக்கு மூட்டுவலி, ஆர்லிஸுக்கு ஆலையில் ஒரு ஷிஃப்ட் முடிந்த அலுப்பு. நுனிப் பக்கம் ஒரு சின்னச் சுருக்கம் போகவே மாட்டேன் என்றது. ஆர்லிஸால் அதைப் பொறுக்க முடியுமா. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் கூட்டினாள். சுருக்கம் போயிற்று. துணியைத் தட்டினால் பறையைப் போல் ஒலித்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தைத்து, பட்டை ஒட்டி, பூச்சும் பூசி முடித்தாள். நல்ல சிவப்பு அடிக்க ஆசை இருந்தது, எடை ஏறிவிடும் என்று அதை விட்டுவிட்டாள். வெள்ளையும் வெள்ளியுமாகவே இருக்கட்டும். மொத்தம் இருநூற்று நாற்பத்தொன்பது.

விருந்துக்குப் பத்து நாள் முன்னால் ஓரின் ஹோவிக் பார்க்க வந்தார். முப்பது வருடம் வயல்களுக்கு விமானத்திலிருந்து மருந்து அடித்தவர். இரண்டு தடவை விழுந்து எழுந்தவர், அதனால் ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு. இறக்கைகளைப் பொருத்தி நிறுத்தியிருந்த விமானத்தைச் சுற்றி வந்தார். இடது நுனியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். ஆர்லிஸ் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தார்.

"வித்தியாசமா இருக்கு," என்றார்.

ஆர்லிஸ் காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"கலரைச் சொல்றீங்களா?"

"கலர் நல்லாத்தான் இருக்கு. வெள்ளைக்கு என்ன."

"தையலா?"

"தையல் மோசமில்லை. வெர்னா கை இல்லையா."

"அப்புறம் எது?"

"அட, எனக்கு வயசாச்சு ஆர்லிஸ். கண்ணு முன்ன மாதிரி இல்ல." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "வீட்டுல தேடுவாங்க, வர்றேன்."

பாதிக் கோப்பை காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதர் காபியை மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. விரட்டிக்கொண்டு போய் சட்டையைப் பிடித்து, என்ன தப்பு என்று கேட்டிருக்கலாம். வேறு ஊராக இருந்தால் கேட்டிருப்பார்கள். இங்கே ஒருவர் கண்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிளம்பினால், அதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை. கோபம் கோபமாக வருகிறது எனக்கு, இதை எழுதும்போதும்.

மறுநாள் முழுக்க ஆர்லிஸ் விமானத்தைச் சுற்றினாள். தையலை எண்ணினாள். பசை விட்டிருக்கிறதா என்று ஓரம் முழுக்க விரலால் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் கண் சுருக்கம் பார்த்துப் பழகிய கண். அந்த இறக்கையில் சுருக்கமே இல்லை. எங்கே என்று தெரியாத தப்போடு ஆயிரம் அடி மேலே போக முடியாது என்பது மட்டும் தெரிந்தது. போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை. ஆலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அதைவிட, அந்தக் கால் மணி நேரம் மறுபடி வேண்டும் என்று ஆறு வருடமாக அவளுக்குள் இருந்த ஏக்கம் பெரிது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கேலனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கராஜுக்கு வா."

"எதுக்கு?"

"ரசமட்டத்தையும் எடுத்துட்டு வா. பார்த்துட்டு நல்லாயில்லைன்னா நல்லாயில்லைன்னு சொல்லு. வித்தியாசம் கித்தியாசம்னு சொன்னா இந்த முட்டையை உன் மூஞ்சியில வீசுவேன்."

கேலன் முட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுந்து வண்டியிலிருந்து நீள ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தான். கராஜ் வாசலில் செருப்பு மண்ணைத் துடைத்துக்கொண்டான். உள்ளே வந்தவன் என்ஜினைப் பார்க்கவில்லை, வாலைப் பார்க்கவில்லை, வலது இறக்கைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக இடது இறக்கையின் நுனிக்குப் போய் நின்றான்.

ஆர்லிஸ் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நீ முன்னாடியே பார்த்திருக்க."

கேலன் ரசமட்டத்தை இறக்கைமேல் வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"ஆமா."

"எப்போ?"

"ரெண்டு வாரம் இருக்கும். நீ வெர்னா வீட்டுக்குப் போயிருந்தப்போ. புனல் எடுக்க வந்தேன்."

"எவ்வளவு?"

"நுனிப்பக்கம் பின் விளிம்பு முக்கால் அங்குலம் கீழ இறங்கியிருக்கு. முறுக்கிக்கிச்சு. கோணல் ஆர்லிஸ். நல்ல கோணல்."

ஆர்லிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேகம் குறைந்த நேரத்தில் அந்த நுனி முதலில் தூக்குசக்தியை இழக்கும், விமானம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து தலைகீழாகும், தரை பக்கத்தில் இருந்தால் நிமிர்த்த நேரம் இருக்காது. கேலனுக்கு இந்த விவரம் தெரியாது. கொட்டகை கட்டுகிறவனுக்குக் கோணல் தெரியும், கோணல் ஆளைக் கொல்லும் என்பதும் தெரியும், அவ்வளவுதான்.

"ரெண்டு வாரம் வாயைத் திறக்கல நீ."

"சொன்னா, நீ பறக்கறது எனக்குப் பிடிக்காமத்தான் சொல்றேன்னு நெனைப்ப."

"பிடிக்குமா உனக்கு?"

"பிடிக்காது."

அதை அவன் அவ்வளவு பட்டென்று சொன்னதில் இரண்டு பேருமே கொஞ்சம் திடுக்கிட்டுப் போனார்கள்.

"அப்ப எப்போ சொல்றதா இருந்த? அடுத்த வாரம் விருந்தன்னிக்கு நான் அதுல ஏறி பெல்ட்டைப் போட்டப்புறமா?"

கேலன் ரசமட்டத்தைத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"சொல்றதா இல்ல. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் டிராக்டரை ஓட்டிட்டுப் போய் ஓடுபாதைக்குக் குறுக்க நிறுத்திட்டு, சாவியைத் தொலைச்சிரலாம்னு இருந்தேன்."

"என்னது?"

"கலப்பையும் மாட்டித்தான். அதை மண்ணுல இறக்கி விட்டுட்டா யாராலயும் தள்ள முடியாது."

ஆர்லிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வரப்போகும் இருபது விமானங்களும், முந்நூறு பேருக்கான பான்கேக்கும், நடுவில் ஒரு டிராக்டரும், அதன் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பைகளைத் தடவிக்கொண்டு நிற்கும் கேலனும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் சொல்வதைவிட ஊரையே மறிப்பது இந்த மனிதனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறதே என்று ஆத்திரமாக இருந்தது.

"நான் செத்துப்போயிருப்பேன் கேலன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"அதுக்குத்தான் டிராக்டர்," என்றான் பரிதாபமாக.

அவனை நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது ஆலையில் தான் திருட்டுத்தனமாகப் பிரித்துக் கட்டிய ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் அவள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டு கத்தியைத் தேடினாள்.

நுனியிலிருந்து இரண்டடி தள்ளிக் கத்தியை வைத்தாள். மூன்று வார வேலை, வெர்னாவின் முந்நூறு முடிச்சு, அவள் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமாக வந்த துணி. குத்தினாள். டப்பென்ற சத்தத்தோடு துணி கிழிந்து விலகியது. இறுக்கம் விட்டதும் இறக்கை முனகிக்கொண்டு தானாகவே பாதி நிமிர்ந்தது. கேலன் அதைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனான்.

அந்த வருட விருந்தில் ஆர்லிஸ் பறக்கவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பான்கேக் திருப்பிப் போட்டாள். தட்டை நீட்டிக்கொண்டு வந்த ஒவ்வொருவரும் விமானம் என்னாயிற்று என்று நாசூக்காகக் கேட்டார்கள்.

"இடது இறக்கை கோணல். சரியா மட்டம் பார்க்காம இஸ்திரி போட்டுட்டேன். அறுத்துட்டேன்," என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

கேட்டவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் சிரப் வாங்கிக்கொள்ளாமலே நகர்ந்துவிட்டார்கள். ஓரின் ஹோவிக் வரிசையில் வந்தபோது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரின், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஆர்லிஸ்.

பின்னால் வரிசை காத்திருந்தது.

"வீட்டுக்குப் போய் மூணு நாள் சரியாச் சாப்பிடல," என்றார். "ரெண்டு தடவை போனைக் கையில எடுத்தேன். வாய் வரல ஆர்லிஸ். என்னை மன்னிச்சுரு."

அவள் அவருக்கு ஒரு பான்கேக் கூடுதலாக வைத்தாள். அதற்காக மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. மன்னிக்க அவளுக்குக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று.

இறக்கையை மறுபடி போர்த்தியபோது வெர்னா மேலே, ஆர்லிஸ் கீழே, கேலன் ரசமட்டத்தோடு நுனியில். இஸ்திரிப் பெட்டி ஒரு தடவை நகர்ந்தால் அவன் ஒரு தடவை மட்டம் பார்ப்பான். "நிறுத்து" என்பான். "அந்தப் பக்கம் அதிகமாத் தேய்க்கிற" என்பான். பழகாத வாய் அல்லவா, தேவைக்கு மேல் கரகரவென்று வந்தது. ஒரு நாள் வெர்னாவின் தையலையே தப்பு என்று சொல்லிவிட்டான். அவள் நான்கு நாள் வரவில்லை. ஒரு இடத்தில் லேசான சுருக்கம் விழுந்தது. ஆர்லிஸ் அதை வெகுநேரம் பார்த்தாள். சூட்டைக் கூட்டாமல் விட்டுவிட்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காற்றில்லாத காலை, ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடுபாதைக்குப் போனார்கள். யாருக்கும் சொல்லவில்லை. அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. ஓடுபாதையில் இரண்டு தடவை சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை ஆர்லிஸ் மேலே கிளப்பினாள். பதினொரு நிமிடம். இடம் வலம் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. கையை லேசாக விட்டுக்கூடப் பார்த்தாள், நேராகப் போயிற்று. கீழே கேலன் ஒரு புள்ளியாக, அவள் போன பக்கமெல்லாம் திரும்பி அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

தரையிறங்கி என்ஜினை நிறுத்தினாள். கேலன் புல்லில் நடந்து வந்தான். ஓடி வரவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக அவன் நடந்து அவள் பார்த்ததில்லை. வந்து இறக்கையைத் தாங்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எப்படி இருந்தது என்று கேட்கப்போகிறான் என்று அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எனக்கு பயமா இருந்துது," என்றான் கேலன். "இன்னிக்கு மட்டும் இல்ல. மூணு வருஷமாவே."

ஆர்லிஸ் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான்," என்றாள். "நாளைக்கும் போவேன்."

"போ. நான் வந்து நிக்கறேன்."

அவள் பெல்ட்டை அவிழ்த்து இறங்கும் வரைக்கும் அவன் அந்தக் கம்பியை விடவில்லை.